சிரம்பானுக்கு அப்பால் ஒரு பாதை பிறந்த கதை

1995இல் சிரம்பானுக்கு மின்ரயில் வந்தது. ரவாங்கில் புறப்பட்டுக் கோலாலம்பூர், காஜாங், நீலாய், லாபு எல்லாம் தாண்டி வந்த கொமுட்டர் புறநகர் ரயில், சிரம்பான் நிலையத்தில் நிற்கும். ஓட்டுநர் இறங்கி மறுகோடிக்கு நடந்துபோய் ஏறுவார். வண்டி வந்த வழியே திரும்பிவிடும். தலைக்கு மேல் ஓடிய கம்பியும் அங்கேயே முடிந்தது. அதற்குத் தெற்கே ரெம்பாவ், தம்பின், பத்தாங் மலாக்கா, கிம்மாஸ் என்று போன பாதை, வெள்ளைக்காரன் காலத்தில் போட்டபடி ஒற்றைத் தண்டவாளமாகவே கிடந்தது.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அந்த ஒற்றைப் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. லயத்து வாசலில் உட்கார்ந்தால் பால்மரங்களுக்கு நடுவே சரக்கு வண்டி போவது தெரியும். எண்ணெய்த் தொட்டிகளை எண்ணிக்கொண்டே வளர்ந்தோம். சிரம்பானுக்கு மின்ரயில் வந்த செய்தி கேட்டதும், “அடுத்தது நம்ம பக்கந்தான்” என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த அடுத்தது கிம்மாஸுக்கு வந்து சேர 20 ஆண்டுகள் ஆயின. கிம்மாஸைத் தாண்டி ஜொகூர் பாருவைத் தொட இன்னும் 10 ஆண்டுகள். ஒரு நாட்டின் ஒரே திசையில் போகும் ஒரே பாதை இத்தனை காலம் எங்கே சிக்கிக் கிடந்தது என்று கேட்டால், கதையை முதல் தண்டவாளத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லப் போட்ட பாதை அது. அந்தப் பாதைக்குச் சதுப்பை நிரவி மேடு கட்ட இலங்கையிலிருந்து பயனியர் படை ஆட்களை வரவழைத்தார்கள். நெகிரி செம்பிலானிலும் தொடக்கம் அதே மாதிரிதான். 1891இல் சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் கம்பெனி, சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குப் பாதை போட்டது. இதுவும் வெள்ளீயத்துக்காகப் போட்டதுதான். மம்பாவ், சிலியாவ் என்று அது நின்ற ஊர்களைச் சுற்றிப் பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1908இல் அரசு அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

பெரிய பாதை வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியாக வண்டி ஓடியது. 1905இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளை பிரிந்தது. 1906இல் பாதை கிம்மாஸை எட்டியது. அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு 120 மைல். 1904இல் ஜொகூரோடு ஒப்பந்தம் போட்டு, 1909இல் அந்த 120 மைலுக்கும் வண்டி விட்டுவிட்டார்கள். மண்வெட்டி, கூடை, கடப்பாரை, தலைச்சுமை என்று மனிதக் கையால், காட்டுக்குள், மலேரியாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஐந்தே ஆண்டுகளில் முடித்த வேலை அது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரப்பர் விலை ஏறிய காலமும் இதே காலந்தான். பாதையும் தோட்டமும் ஒன்றாகவே வளர்ந்தன. தண்டவாளம் போன வழியில் காடு விழுந்தது, காடு விழுந்த இடத்தில் கன்று நட்டார்கள். நாகப்பட்டினத்திலும் மதராஸிலும் கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தடுப்பு முகாமில் நாள் கழித்து, கங்காணி பின்னால் ரயில் ஏறி வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். ஒரு சாரார் தோட்டத்துக்குப் போனார்கள். ஒரு சாரார் ரயில்வேக்கே போனார்கள். சிலிப்பர் கட்டை மாற்றுவது, ஜல்லி கொட்டுவது, ஆணி இறுக்குவது, புல் வெட்டுவது என்று பாதையோர லயங்களில் குடும்பத்தோடு இருந்து அந்தப் பாதையைப் பேணியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நிலைய அதிகாரி நாற்காலியில் யாழ்ப்பாணத்துக்காரர் உட்கார்ந்திருப்பார். கொடி காட்டியவரும் தமிழ் பேசினார், கட்டை சுமந்தவரும் தமிழ் பேசினார்.

கிம்மாஸ் அப்போது பெரிய சந்திப்பானது. தெற்கே போகும் பாதையும் பகாவ் வழியாகப் பகாங், கிளந்தான் போகும் கிழக்குப் பாதையும் அங்கே பிரிந்தன. கிழக்குப் பாதை கிளந்தான் வரை முழுதாக இணைந்தது 1931இல். பகாவிலிருந்து கோலப்பிலாவுக்கும் ஒரு கிளை இருந்தது. நெகிரி செம்பிலானின் உட்பகுதித் தோட்டக்காரன் ரயில் ஏறிச் சிரம்பானுக்கோ சிங்கப்பூருக்கோ போக முடிந்த காலம் அது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் செய்தியைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. அதே 1931இல், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. அதுவும் மலாயாவில் உள்ளது போன்ற மீட்டர் கேஜ் பாதைதான். ஆக, முப்பதுகளில் மதராஸில் கப்பல் ஏறிய ஒரு தொழிலாளி மின்ரயிலைக் கண்ணால் பார்த்துவிட்டே வந்திருக்கலாம். அவருடைய கொள்ளுப்பேரன் ரெம்பாவில் அதைப் பார்க்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான்.

1942இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட அவனுக்குத் தண்டவாளமும் வேண்டியிருந்தது, ஆளும் வேண்டியிருந்தது. இரண்டையும் மலாயாவில் எடுத்தான். தம்பின்–மலாக்கா பாதையைப் பிடுங்கினான். பகாவ்–கோலப்பிலா கிளையைப் பிடுங்கினான். கிழக்குப் பாதையிலும் நீண்ட பகுதியைப் பிடுங்கினான். தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்ற ஆட்களிடம் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி லாரியில் ஏற்றினான். ஏறாதவர்களைப் பிடித்து ஏற்றினான். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சயாமுக்குக் கொண்டுபோனான். போனவர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பெருந்தொகையானோர் அங்கேயே மண்ணானார்கள். அப்பனும் பாட்டனும் மலாயாவில் போட்ட அதே தண்டவாளத்தை மகன் சயாமில் தோளில் சுமந்திருக்கிறான். இதைவிடக் கொடிய ஒரு செய்தியை நம் தோட்டத்து வரலாற்றில் நான் அறியேன்.

சண்டை முடிந்தபின் கிழக்குப் பாதையைத் திரும்பப் போட்டார்கள். மலாக்காவுக்கும் கோலப்பிலாவுக்கும் போன பாதைகள் திரும்பவே இல்லை. பிரதான பாதை பழையபடி ஒற்றையாகவே ஓடியது. ஒற்றைப் பாதை என்றால் எதிரே வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்பதிலேயே நேரம் போகும். அதனால் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டவும் முடியாது, வேகத்தைக் கூட்டவும் முடியாது. இரட்டைப் பாதை வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வடக்கே ரவாங், தெற்கே சிரம்பான் என்று தலைநகரைச் சுற்றி மட்டும் 1995இல் அது நடந்தது.

மிச்சத்தை எப்படிப் போடுவது என்பதில்தான் ஆண்டுகள் கரைந்தன. இந்தியாவின் இர்கான் நிறுவனத்துக்கும் சீனாவின் ரயில்வே நிறுவனத்துக்கும் வேலையைக் கொடுத்து, செம்பனை எண்ணெயாகவே கூலியை அடைக்கலாம் என்று முதலில் பேச்சு நடந்தது. பேச்சு முடிவதற்குள் காற்று திசை மாறியது. 2003 அக்டோபரில், டாக்டர் மகாதீர் பதவி விலகும் தறுவாயில், ஈப்போ–பாடாங் பெசார், சிரம்பான்–ஜொகூர் பாரு இரண்டு பகுதிகளையும் சேர்த்து 1,450 கோடி வெள்ளிக்கு எம்எம்சி–கமூடா என்ற உள்நாட்டுக் கூட்டணிக்குக் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் அப்துல்லா அகமது படாவி பிரதமரானார். டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அரசின் கையிருப்புக்கு இந்தச் செலவு பெரிது என்றார்கள். அது பொய்யான காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒத்திவைப்பின் விலையைக் கொடுத்தது யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த ஆண்டுகளில்தான் தோட்டங்கள் கலைந்துகொண்டிருந்தன. ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனை வெட்டி வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். நீலாயும் சிரம்பானைச் சுற்றிய புதுநகரங்களும் அப்படி எழுந்தவை. லயத்தைவிட்டு வெளியேறிய பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். காரில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள்தான் வழி. ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில், மழையில், லாரிகளுக்கு நடுவே வந்தவர்களில் எத்தனை பேரை நாம் பறிகொடுத்தோம் என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். என் வகுப்பிலேயே மூன்று பேர். அந்தக் காலத்தில் அரை மணிக்கு ஒரு ரயில் ஓடியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. சிலராவது பிழைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியில் 2008இல் சிரம்பான்–கிம்மாஸ் வேலை தொடங்கியது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர், 345 கோடி வெள்ளி. எடுத்துச் செய்தது இந்திய அரசின் இர்கான். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் இந்தியாவிலிருந்து கூலியாள் வந்து பாதை போட்டான். இப்போது இந்தியாவிலிருந்து பொறியாளர் வந்தார். தம் நாட்டில் மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றிக்கொண்டிருந்த இந்திய ரயில்வேயின் நிறுவனம், இங்கே புத்தம் புதிதாக மீட்டர் கேஜ் போட்டு அதன் மேல் 25,000 வோல்ட் கம்பி கட்டியது. ரயில் கேட்டுகள் எடுக்கப்பட்டு மேம்பாலங்கள் எழுந்தன. பாதைக்கு இரண்டு பக்கமும் வேலி விழுந்தது. தண்டவாளத்தைத் தாண்டிக் கோயிலுக்கும் பள்ளிக்கும் போய்வந்த தோட்டத்து ஒற்றையடிப் பாதைகள் அந்த வேலியோடு முடிந்தன. அது உயிர்காக்கும் வேலி. ஆனாலும் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டிய கிழவிகளுக்கு அது வேலிதான்.

வேலை முடிந்த பகுதிகள் தவணை தவணையாகத் திறந்தன. 2011இல் கொமுட்டர் செனவாங், சுங்கை காடுட் வரை போனது. 2013இல் கிம்மாஸ் வரை பாதை முடிந்தது. முடிந்த பாதையில் முறையான மின்ரயில் சேவை தொடங்கியது 2015 அக்டோபரில். கொமுட்டர் தம்பின் நிலையமான பூலாவ் செபாங் வரை, இடிஎஸ் விரைவு ரயில் கிம்மாஸ் வரை. தண்டவாளமும் கம்பியும் தயாராக இருந்தும் ஊர்க்காரர்கள் இரண்டு ஆண்டுகள் வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

உலகத்தில் வேறு இடங்களிலும் தாமதங்கள் உண்டு. கொல்கத்தா நிலத்தடி ரயிலுக்கு 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், முதல் வண்டி 1984இல் ஓடியது. நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூ சுரங்கப் பாதை 1920களில் திட்டமிடப்பட்டது, அதன் முதல் பகுதியே 2017 புத்தாண்டு அன்றுதான் திறந்தது. ஆனால் அந்த நகரங்களில் ஒரு பாதை தாமதமானால் ஏறிப்போக வேறு வண்டி உண்டு. பத்தாங் மலாக்காவில் என்ன உண்டு?

கிம்மாஸில் கதை முடியவில்லை, அங்கே வந்து நின்றுவிட்டது. சென்னைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே பாதியில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஜொகூர் போகிறவர்கள் கிம்மாஸில் மின்ரயிலைவிட்டு இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாக டீசல் வண்டிக்கு மாறினார்கள். கிம்மாஸ்–ஜொகூர் பாரு இரட்டைப் பாதை வேலை 2018இல் சீன நிறுவனங்களின் கூட்டணியிடம் தொடங்கியது. 192 கிலோமீட்டர். 2022 அக்டோபரில் முடிப்பதாகச் சொன்னார்கள். கொரோனா வந்தது, தவணை தள்ளியது, தள்ளியது மறுபடி தள்ளியது. 2025 மார்ச்சில் மின்ரயில் சிகாமட் போனது. ஆகஸ்டில் குளுவாங் போனது. டிசம்பரில் ஜொகூர் பாரு போனது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இப்போது நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

முன்னே சொன்ன கணக்கை இப்போது எடுத்துப் பார்க்கலாம். 1904 ஒப்பந்தம், 1909 வண்டி. 2018 தொடக்கம், 2025 முடிவு. வண்டி ஓடும் பாதையை ஒட்டியே புதுப்பாதை போடுவது கடினம், பாலமும் கம்பியும் சிக்னலும் அன்று இல்லாத வேலைகள். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மண்வெட்டி பிடித்த அந்தக் கைகளின் வேகத்துக்கு முன் இன்றைய இயந்திரங்கள் தலைகுனிய வேண்டும். அந்த வேகத்துக்குப் பின்னால் எத்தனை சாவு இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

நான் அந்த டிசம்பரில் சிரம்பானில் ஏறினேன். ரெம்பாவ் தாண்டியதும் எங்கள் தோட்டம் இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். லயம் இல்லை, பால்மரம் இல்லை. செம்பனைக் கீற்றுகள் சன்னலில் ஒரு கணம் அசைந்து போயின. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தோட்டத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சிரம்பானிலும் தம்பினிலும் கிம்மாஸிலும் இந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு ஒரு கல் நட வேண்டும், அதில் தமிழும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பேன். அதுவரை, உங்கள் வீட்டில் ரயில்வே லயத்தில் வளர்ந்த பெரியவரோ, சயாமுக்குப் போனவரின் பிள்ளையோ இருந்தால், அவர் பேசுவதை இந்த வாரமே கைப்பேசியில் பதிந்துவையுங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், எத்தனையாவது மைல் கட்டையில் லயம் இருந்தது என்பதையெல்லாம் கேளுங்கள். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.