விசா கிடைத்தால் மட்டும் போதுமா? வேலைக்கு வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

தேசூர், வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் தறியில் வருமானம் குறைந்தால், பிள்ளையை வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ அனுப்பலாம் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. "விசா வந்துவிட்டது" என்று ஏஜென்ட் சொன்னதும் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறோம். அதற்கு முன், கையில் இருப்பது எந்த வகை பாஸ்போர்ட், வந்திருப்பது எந்த வகை விசா என்ற இரண்டையும் நாம் பார்த்தாக வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருக்கிறதா?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகையில் வரும். இதை வைத்திருப்பவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி இது கட்டாயம். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா ஆகியவை இந்த 18 நாடுகளில் அடங்கும். 50 வயதைக் கடந்தவர்களுக்கும், வெளிநாட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சான்றிதழைக் காட்டி ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட் பெறலாம்.

அனுமதியால் என்ன பயன்?

வேலை ஒப்பந்தம் பதிவாகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

விசிட் விசாவில் வேலை வேண்டாம்

"இப்போது விசிட்டில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது அடிக்கடி கேட்கும் வார்த்தை. அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, இந்தக் காப்பீடும் இல்லை. சம்பளம் தராவிட்டால் புகார் செய்யவும் அஞ்ச வேண்டியிருக்கும். அமீரகத்தில் விசா காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவுக்கு விசா இன்றி 30 நாட்கள் சென்று வரலாம். ஆனால் அது சுற்றிப் பார்க்கத்தான், வேலை செய்ய அல்ல. உம்ரா விசாவில் சென்று சவூதியில் வேலை பார்ப்பதும் சட்டவிரோதமே.

பணம் கட்டும் முன்

• ஏஜென்ட் மத்திய அரசின் உரிமம் பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள்.
• அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ரசீது கேட்டு வாங்குங்கள்.
• பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.
• ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல 30 வயது நிரம்பியிருக்க வேண்டும்.
• பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். வெளியூரில் ஏதாவது நேர்ந்தால் குடும்பத்தார் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையோ, அரசு நிறுவனமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ அணுகலாம். ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும், எல்லாத் தாளையும் படித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்போம்.