ஒரு லட்சத்தில் தொடங்கிய அகராதி

ஆராய்ச்சிக்காக அரசிடம் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியவர்களுக்கு இரண்டு கேள்விகள் நன்றாகப் பழகியிருக்கும். எவ்வளவு நாளில் முடியும்? எவ்வளவு செலவாகும்? இயற்பியலானாலும் கல்வெட்டானாலும் கேள்விகள் இவைதான். மூணு வருஷம் என்று எழுதுவார்கள். எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்கிப் படிக்கிறவருக்கும் தெரியும், அது ஒரு உத்தேசம் என்று. ஆனால் மூன்று வருடம் கழித்து அந்த உத்தேசமே தீர்ப்பாகிவிடும். "இன்னுமா முடியல?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான் நினைவுக்கு வரும்.

அதற்கு முன்னால் வந்த பெரிய அகராதிகள் மிஷனரிகளின் உழைப்பிலோ புரவலர்களின் ஆதரவிலோ உருவானவை. 1862இல் வெளியான வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி அமெரிக்க மிஷனின் வழி வந்தது. யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியை அச்சேற்றியது பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம். லெக்சிகன் வேறு வழியில் பிறந்தது. 1908இல் இறந்த ஜி.யு. போப், ஒரு பேரகராதிக்காகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை அவருடைய மகன்கள் இந்திய அமைச்சரிடம் ஒப்படைத்தார்கள். பேச்சு அங்கிருந்து சென்னை அரசுக்கு வந்தது. 1913 ஜனவரியில் வேலை தொடங்கியது. பதிப்பாசிரியர், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லர். 'செந்தமிழ்' இதழை நடத்திவந்த மு. இராகவையங்கார் தமிழ்ப் பண்டிதராக வந்து சேர்ந்தார். மதிப்பீடு ஒரு லட்சம் ரூபாய்.

பத்து ஆண்டுகள் போயின. ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை. 1923 இறுதியில்தான் முதல் படிவங்கள் அச்சேறின. அதற்குள் சாண்ட்லர் விலகிவிட்டார். அடுத்து இருவர் பொறுப்பேற்றார்கள். 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை வந்தார். சட்டம் படித்து வக்கீலாக இருந்தவர்; ஏட்டுச்சுவடிகளில் பித்து உள்ளவர். அவர் கையில்தான் வேலை வேகம் பிடித்தது. 1936இல் ஆறு தொகுதிகள் முடிந்தன. 1939இல் அனுபந்தம். மொத்தம் 4,351 பக்கங்கள். மூலத்தில் 1,04,405 சொற்கள், அனுபந்தத்தில் 13,357. செலவு ஏறக்குறைய 4,10,000 ரூபாய்.

அதாவது செலவு நான்கு மடங்கு, காலம் கால் நூற்றாண்டு. இன்றைய தணிக்கை அதிகாரி ஒருவர் இந்தக் கோப்பைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஏன் இப்படி ஆனது? ஆசிரியர்கள் மாறினார்கள், நடுவே உலகப்போர் வந்தது. இதெல்லாம் உண்மைதான். இவற்றைவிட ஆழமான ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். வின்ஸ்லோ அகராதி வெளியான 1862இல் சங்க இலக்கியத்தின் பெரும்பகுதி சுவடிக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகு சீவக சிந்தாமணி 1887இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல் என்று உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் வரிசையாக வந்தன. புதிய அகராதி தேவைப்பட்டதே அதனால்தான். வேலை தொடங்கிய பிறகும் இந்த வரவு நிற்கவில்லை. நற்றிணையும் குறுந்தொகையும் 1915இல் அச்சாயின. அகநானூறு அதற்கும் பிறகு. அகராதிக்காரர்கள் எண்ணத் தொடங்கியபோது கண்ணில் படாத சொற்கள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே வந்து வரிசையில் நின்றன. பந்தி பரிமாறத் தொடங்கிய பின் விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தால் எந்தச் சமையல்காரர்தான் கணக்குச் சொல்ல முடியும்?

மேலும், லெக்சிகன் இலக்கியத்தோடு நிற்கவில்லை. கல்வெட்டுச் சொற்களை எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாண வழக்கு, திருநெல்வேலி வழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்கு, வெறும் பேச்சுவழக்கு என்று குறியிட்டுச் சேர்த்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள். முடிந்த இடத்தில் நூல் மேற்கோள். ஒரு சொல்லுக்கு மேற்கோள் தேடி ஒரு பண்டிதர் ஒரு நாள் முழுவதும் செலவழித்திருந்தால், அது அரசுப் பணம் வீணான நாளா?

இது மொழி ஆராய்ச்சிக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. அறிவியலில் இதைவிடப் பெரிய உதாரணம் அதே சென்னையில் இருக்கிறது. 1802இல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து நில அளவையைத் தொடங்கினார். சில வருட வேலை என்று நினைத்தது எழுபது ஆண்டுகள் போல நீண்டது. லாம்டன் 1823இல் களத்திலேயே இறந்தார். அந்த அளவை வடக்கே ஏறி ஏறி, உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்று கணக்கிட்டுச் சொன்னது 1850களில். பரங்கிமலையில் சங்கிலி பிடித்த எவரும் இமயமலையை நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை யாரும் கேள்வி கேட்கக் கூடாதா? கேட்க வேண்டும். ஆனால் "எப்போ முடியும்?" என்பதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: "ஒழுங்கா செஞ்சீங்களா?" லெக்சிகனைப் பார்த்து அதை உரக்கக் கேட்டவர் தேவநேயப் பாவாணர். தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வடமொழி மூலம் காட்டியது தவறு என்று அவர் வாதிட்டார். லெக்சிகனின் குறைகளைப் பட்டியலிட்டுத் தனி நூலே எழுதினார். அவருடைய சொற்பிறப்பு முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. வையாபுரிப் பிள்ளையின் முடிவுகளுக்கும் அதே நிலைதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் பொதுப் பணத்தில் செய்ததால்தான் அது பொதுச் சண்டையாக முடிந்தது. ஒரு தனியார் தன் செலவில் போட்ட அகராதியை இவ்வளவு உரிமையோடு யார் திட்டுவார்கள்?

1974இல் தமிழ்நாடு அரசு பாவாணரையே இயக்குநராக்கிச் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு அரசுத் திட்டத்துக்கு மறுப்பு இன்னொரு அரசுத் திட்டம்! 1981 ஜனவரியில் பாவாணர் மறைந்தார். முதல் தொகுதி வெளிவந்தது 1985இல். அதை அவர் பார்க்கவில்லை. பணி நிறைவுற்றது 2011இல். லெக்சிகன் தாமதத்தைக் கண்டு சிரித்தவர்கள் யாராவது இருந்தால், இந்த முப்பத்தேழு வருடத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள்?

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை. "செஞ்சது இப்போ எங்கே கிடைக்கும்?" இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு பழஞ்சொல்லுக்குப் பொருள் தேடி லெக்சிகனைச் செல்பேசியில் புரட்டுகிற பலர் போய் நிற்கிற இடம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளம். தெற்காசிய அகராதிகளை மின்வடிவாக்கிய அந்த முயற்சிக்குப் பணம் தந்தது அமெரிக்கக் கல்வித் துறை. சென்னை மாகாணத்து வரிப்பணத்தில் விளைந்ததை, அமெரிக்கக்காரரின் வரிப்பணம் நம் கையில் கொண்டுவந்து சேர்த்தது.

இதில் வெட்கப்பட ஒன்று உண்டு, நிம்மதியும் உண்டு. ஒரு லட்சம் தீர்ந்த அன்றைக்கே யாரோ ஒரு அதிகாரி "போதும், நிறுத்துங்க" என்று கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த தடவை ஏதோ ஒரு திட்டத்தைப் பார்த்து "இன்னுமா?" என்று வாய்வரை வரும்போது, அந்தப் போடாத கையெழுத்தை நினைத்துக்கொள்ளலாம். பிறகு மற்ற இரண்டு கேள்விகளையும் விடாமல் கேட்கலாம்.