லயம்

இலங்கை மலையகத்தின் பெருந்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்துவரும் வரிசைக் குடியிருப்பு. ஒரே நீண்ட கூரையின் கீழ், குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் முன்புறம் ஓர் இஸ்தோப்பும் என்பதே இதன் பொதுவான அமைப்பு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுக்குத் தங்குமிடமே போதும் என்று தோட்டத்துரைமார் கருதினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு நிலைத்தனர். குடியிருப்பு நிரந்தரமானது, குடியிருப்பவரின் உரிமை மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. லயத்தின் வரலாறு முழுவதும் இந்த முரண்பாட்டின் வரலாறுதான்.

வாடகையின்றிக் கிடைத்த வீடு ஒரு சலுகையல்லவா என்று கேட்கப்படுவதுண்டு. அந்தக் காம்பரா தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலையை இழந்தால் கூரையும் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் கூலி கேட்கும் குரலையே அடக்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எங்கே வாழ்வது என்பதை அந்த மக்கள் தீர்மானிக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிர்வாகம் கைமாறியபோதெல்லாம் லயம் லயமாகவே நின்றது.

மனம் ஒன்றிய இடமே வீடு, பத்திரம் எதற்கு என்பது இன்னொரு வாதம். மாரியம்மன் கோயில் எழுப்பி, காமன் கூத்து ஆடி, லயத்தோரம் காய்கறி பயிரிட்டு, தலைமுறைகளை அங்கேயே புதைத்த மக்களுக்கு அந்த ஒன்றுதலில் குறைவேதும் இருந்ததில்லை. ஆனால் பாசத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. ஆபத்தான சரிவைவிட்டு வேறிடத்தில் வீடு கட்டச் சொந்த நிலம் வேண்டும்; தோட்ட மக்களிடம் இல்லாதது அதுவே. 2003இன் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகளும் எழுகின்றன. அவற்றை முழுமையாக்குவது உறுதிப்பத்திரமே. பிள்ளைக்கு விட்டுச்செல்லவும், விரும்பியபடி மாற்றிக் கட்டவும், வேறு வேலைக்குப் போனாலும் திரும்பி வரவும் உரிமை தருவதே வீடு. அந்த உரிமை கிடைக்காதவரை, புதிய சுவர்களுக்குள்ளும் லயமே நீடிக்கும்.