அட்டவணைப் புரதமும் செரிக்கும் புரதமும்: கமலா சோஹோனியின் ஆய்வுப் பாதை

கமலா சோஹோனியைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை 1933ஐத் தாண்டுவதில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற அவர் (அப்போது கமலா பாகவத்) பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பிக்கிறார். பெண் என்பதற்காக இயக்குநர் சி. வி. ராமன் மறுக்கிறார். நேரில் போய் வாதாடிய பிறகே, ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைக்கிறது. ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதற அவர் காரணமாகக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அந்த அவமதிப்பைத் தாம் மறக்கவில்லை என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆயினும் இது வாசலில் நடந்த கதை. அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவருக்குச் சூட்டப்படும் அடைமொழியும் வாசலோடு நின்றுவிடுகிறது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931இலேயே மிச்சிகனில் டி.எஸ்ஸி. பெற்றுவிட்டதால், அந்த முதலிடமே விவாதத்துக்கு உரியது. சோஹோனியை முதன்மைப்படுத்த வேண்டிய இடம் வேறு. உணவில் இருப்பதாகக் கணக்கிடப்படும் சத்தில் உண்மையில் உடலுக்கு எவ்வளவு சேர்கிறது என்ற கேள்வியே அவருடைய முக்கியமான ஆய்வுகளை இணைக்கிறது என்பது என் வாதம்.

பெங்களூரில் எம். ஸ்ரீநிவாசய்யாவிடம் பால், பயறு வகைகளின் புரதங்களை ஆராய்ந்து 1936இல் எம்.எஸ்ஸி. பெற்றார். அடுத்து கேம்பிரிட்ஜில், வைட்டமின் ஆய்வுக்காக நோபல் பெற்ற ஹாப்கின்ஸின் ஆய்வகம். அங்கே உருளைக்கிழங்கில் தொடங்கி, தாவரத் திசுக்களின் சுவாசத்தில் சைட்டோகுரோம் சி என்னும் புரதத்துக்குள்ள பங்கைக் காட்டினார். நாற்பது பக்க அளவிலான சிறிய ஆய்வேடு அது. 1939இல் நாடு திரும்பிய அவர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கு உதவி இயக்குநராக வந்தார்.

குன்னூரில் மெக்கரிசன் தொடங்கிவைத்த பணியை அய்க்ராய்டு உணவு அட்டவணைகளாக வளர்த்தெடுத்திருந்தார். இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளைத் தொகுத்து 1937இல் வெளிவந்த அறிக்கை நாடு முழுக்கப் பயன்பட்டது. எந்தப் பருப்பில் எத்தனை கிராம் புரதம் என்பதை மருத்துவரும் விடுதிக் காப்பாளரும் அதைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. ஆனால் அட்டவணையின் புரத எண் நேரடியாக அளந்த எண் அல்ல. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25ஆல் பெருக்கி வருவது. நைட்ரஜன் எந்தச் சேர்மத்தில் இருந்தது, குடல் அதை ஏற்குமா என்பதையெல்லாம் அந்தப் பெருக்கல் கேட்பதில்லை.

1947இல் எம். வி. சோஹோனியை மணந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பிறகு, ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்து மாணவர்களோடு அவர் செய்த ஆய்வுகள் கேட்டது இதைத்தான். மொச்சையிலும் டபுள் பீன்ஸிலும் இருக்கும் டிரிப்சின் தடுப்பான்களைப் படிகமாகப் பிரித்தெடுத்த செய்தி 1955இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. டிரிப்சின் கணையத்திலிருந்து குடலுக்கு வந்து புரதத்தை அறுக்கும் நொதி. தடுப்பான் அதன் செயல்மையத்தில் போய் இறுகப் பொருந்திக்கொள்கிறது; நொதி முடங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடுப்பானும் புரதமே. ஆகவே செரிமானத்தைக் கெடுக்கும் பொருளும் அட்டவணையில் ஊட்டப் பொருளாகவே எண்ணப்பட்டுவிடுகிறது!

சோயா மொச்சையின் தடுப்பானைக் குனிட்ஸ் அமெரிக்காவில் 1940களின் நடுவிலேயே படிகமாக்கியிருந்தார். சோஹோனி செய்தது அதன் தொடர்ச்சி என்று ஒருவர் மறுக்கலாம். கருத்தளவில் அது சரி. ஆனால் எந்த விதையை எடுப்பது என்பதும் ஆய்வாளரின் தேர்வுதான். அன்றைய இந்தியச் சமையலறைக்குச் சோயா அந்நியம். இங்கே புலால் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் பயறுதான் புரதம். பயற்றின் மதிப்பைப் பச்சையாக அளப்பதா, வேகவைத்தபின் அளப்பதா என்பது அந்த வீடுகளைப் பொறுத்தவரை சில்லறை விஷயம் அல்ல. நன்றாக வேகவைத்தால் தடுப்பானின் பெரும்பகுதி செயலிழக்கும். மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைக்கும் நம் வழக்கத்தைச் சத்தின் கணக்கிலும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பின்னர் மொச்சையிலுள்ள, இரத்தச் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் புரதங்களையும் அவர் குழு ஆராய்ந்தது.

அவருக்குக் குடியரசுத் தலைவர் விருது பெற்றுத் தந்தது இதுவல்ல, நீரா ஆய்வு. ராஜேந்திர பிரசாத்தின் தூண்டுதலில் தொடங்கிய அது, பனை இனங்களின் புளிக்காத சாறும் அதன் வெல்லமும் வறியோரின் உணவில் என்ன பயன் தரும் என்று பார்த்தது. மதுவிலக்கும் கிராமத் தொழிலும் கொள்கையாக இருந்த காலத்தில் இத்தகைய முடிவுக்கு வரவேற்பு கிடைத்ததில் வியப்பில்லை. நீராவில் வைட்டமின் சி உண்டு என்ற செய்தியை நம் பதநீரின் மேல் அப்படியே ஏற்றுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். கலயத்தில் பூசும் சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குகிறது. காரத்தில் அந்த வைட்டமின் நிலைப்பதில்லை. கணக்கில் இருப்பது வேறு, குவளையில் இருப்பது வேறு என்று இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராயல் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர் பதவி அவருக்குத் தாமதமாகவே கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு, பம்பாயில் 1966இல் பெண்கள் சேர்ந்து தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தில் தீவிரமாக இயங்கினார். 1982–83இல் அதன் தலைவராக இருந்தார். அதன் ‘கீமத்’ இதழில் பொருள்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதினார். இதை ஓய்வுக்காலச் சமூகசேவை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று கடைக்காரரைக் கேட்கச் சொல்வது, மொச்சையிடம் அவர் கேட்ட அதே கேள்வி. இந்த முறை கேட்பவர் வாங்கும் பெண்.

1998இல் அவர் மறைந்தார். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் வரலாறு குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஒரே நிறுவனத்தின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது; அதன் இயக்குநர்களின் வரிசையாக: மெக்கரிசன், அய்க்ராய்டு, பட்வர்தன், கோபாலன். அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறி, பட்ட மாணவர்களோடு கல்லூரி ஆய்வகத்தில் பயறு அரைத்தவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. ராமன் மறுத்த கதை மட்டுமே அவர் பெயரில் தங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.