எதை முதலில் வைப்பது?

கணினியில் ஒரு சிலைட்டைப் பத்தாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு மாற்றுவது இன்று ஒரு விநாடி வேலை. இந்த எளிமைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1960களில் கொடக் நிறுவனத்தின் 'கரோசல்' என்ற படவீழ்த்தி உலகெங்கும் பிரபலமாகியது. அதன் வட்டத் தட்டில் 80 சிலைட்டுகளைச் செருகலாம். வரிசையில் ஒன்றை முன்னகர்த்துவதென்றால் இடையிலுள்ள அனைத்தையும் கழற்றி மீண்டும் செருக வேண்டும். ஆதலால், ஒளியூட்டிய கண்ணாடி மேசையில் சிலைட்டுகளைப் பரப்பி வைத்து, வரிசையைத் தீர்மானித்த பின்னரே தட்டில் செருகுவார்கள். கொடக் இக்கருவிகளின் உற்பத்தியை 2004இல் நிறுத்தியது.

1984இல் றொபேட் காஸ்கின்ஸ் கலிபோர்னியாவிலிருந்த 'ஃபோர்தோட்' என்ற சிறு நிறுவனத்தில் இணைந்து, முன்வைப்புகளுக்கான மென்பொருளொன்றைத் திட்டமிட்டார். டெனிஸ் ஒஸ்ரின், தோமஸ் றட்கின் ஆகியோர் அதற்கு உருக்கொடுத்தனர். 1987 ஏப்ரலில் மக்கின்டொஷ் கணினிக்காக பவர்பொயின்ட் வெளியாகியது. அதே ஆண்டிலேயே மைக்ரோசொப்ட் 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. சிலைட்டுகள் அனைத்தையும் சிறு படங்களாக ஒரே திரையில் காட்டி, இழுத்து இடம் மாற்ற வழிசெய்தது இம்மென்பொருள். பழைய கண்ணாடி மேசை கணினிக்குள் வந்துவிட்டது.

கை வேலை எளிதாகியது. ஆனால் எது முதலில், எது கடைசியில் என்ற தீர்மானம் எளிதாகவில்லை. ஒரு சிலைட்டுக்குள் வரிகளை அடுக்குவதற்கும் இது பொருந்தும். அதற்குச் சாட்சியாக நிற்பது கொலம்பியா விண்ணோடத்தின் துயரம்.

2003 ஜனவரி 16இல் கொலம்பியா ஏவப்பட்டபோது, எரிபொருட் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத்துண்டொன்று அதன் இடது சிறகைத் தாக்கியது. விண்ணோடம் வானில் இருக்கையிலேயே பொறியியலாளர்கள் பாதிப்பை ஆராய்ந்து பவர்பொயின்ட் மூலம் விளக்கமளித்தனர். ஒரு சிலைட்டின் தலைப்பு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. தாக்கிய துண்டு, பரிசோதனைகளில் பயன்பட்டதைவிட 640 மடங்கு பெரியது என்பதை உணர்த்தும் எண்கள் அதன் அடிவரியில் சிறிய எழுத்தில் கிடந்தன. ஆபத்தில்லை என்ற முடிவுக்கு அதிகாரிகள் வந்தனர். பெப்ரவரி 1இல் விண்ணோடம் சிதறி எழுவரும் மாண்டனர். சிறகில் ஏற்பட்ட சேதமே விபத்துக்குக் காரணம். எனினும், விசாரணைச் சபையின் அறிக்கை இந்தச் சிலைட்டைத் தனியே எடுத்துக் கண்டித்தது.

பத்திரிகையாளருக்கு இது அந்நியமான பாடமன்று. இடம் போதாதபோது செய்தியின் வால்தான் முதலில் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானதைத் தலையில் வைக்கப் பழகியவர்கள் நாம். நான் இத்துறைக்கு வந்த காலத்தில் அச்சிட்ட பத்திகளைக் கத்தரித்து ஒட்டியே பக்கம் அமைத்தோம். ஒட்டியதை உரித்து மாற்றுவது சிரமம். அதனாலேயே எந்தச் செய்தி மேலே என்ற விவாதம் கத்தரிக்கோலை எடுக்குமுன் முடிந்துவிடும்.

இன்று அந்தச் சிரமம் இல்லை. அது கட்டாயப்படுத்திய சிந்தனையும் பல இடங்களில் இல்லை. வரிசையை எத்தனை தடவையும் மாற்றலாம். ஆனால், சபையினர் அறியாமல் எழுந்து போகக்கூடாத விடயம் எது என்பதை மென்பொருள் சொல்லித் தராது. அதைக் கண்டறிந்து முதலில் வைப்பது, பேசுபவரின் பொறுப்பாகவே இன்றும் இருக்கிறது.