கொங்குப் பருத்தி, துணி வணிக அளவைகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் பஞ்சும் நூலும் துணியும் கைமாறிய எடை, நீளக் கணக்குகள். இடைக்காலத்தில் வணிகச் சரக்கு பொதிக் கணக்கில் சென்றது. சான்றுகள் பெருகுவது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில்தான். 1800-01இல் இவ்வழியே வந்த கம்பெனி ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் உள்ளூர் எடைகளைக் குறித்துவைத்தார். அவருடைய நூல் 1807இல் வெளிவந்தது. சென்னை மாகாண வாய்பாட்டின்படி 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். பாரம் சுமார் 500 ராத்தல் (பவுண்டு). சந்தைத் தராசும் இதே கணக்கில் நின்றதாகக் கொள்ள இயலாது. எடையிலும் கழிவிலும் விவசாயி இழந்ததைத் தடுக்க 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் அமைந்ததாகக் கூறுவர். கைத்தறியில் 120 பாவு நூல் ஒரு புஞ்சம். அகலம் மாறாமல் புஞ்சம் ஏறினால் துணி நெருங்கும், விலையும் ஏறும். தரத்தையே எண்ணிக்கையாக்கிய அருமையான கணக்கு இது.

1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக வந்த மெட்ரிக் முறை பலத்தையும் வீசையையும் ஒழித்தது. சட்டமே காரணம் என்றால் நூல் கவுண்ட்டும் ஒழிந்திருக்க வேண்டும். ஒரு ராத்தலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதே கவுண்ட். இன்றும் பனியன் நூல் 30, 40 என்றே கேட்கப்படுகிறது. ஒருவர் மற்றவரை ஏமாற்ற இடம் தந்த அளவைகளே மறைந்தன என்பது பொருத்தமான விளக்கம். ஒன்றரைக் கெஜச் சுற்றளவுள்ள சுற்றியில் 80 சுற்று நூல் எடுத்து நிறுத்தால் 120 கெஜத்தின் எடை தெரியும். கவுண்ட்டை ஆலையும் சரிபார்க்கலாம், வாங்குபவரும் சரிபார்க்கலாம். பின்னல் துணியோ இழுத்தால் நீளும். அதனால் அது கிலோவில் விற்கிறது. நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் கிலோவுக்கே. பக்கத்துச் சோமனூர் விசைத்தறித் துணி மீட்டரில் நிற்கிறது.

பஞ்சு விலை பேசும் கண்டி இதற்கு மாறானதல்லவா எனலாம். 784 ராத்தல், அதாவது சுமார் 356 கிலோ கொண்ட பம்பாய்க் கண்டியை எவரும் தராசில் ஏற்றுவதில்லை. பஞ்சு சுமார் 170 கிலோ பேல்களாகவே வருகிறது. ஆனால் கண்டி விலை பேசுவோர் இருபுறமும் கணக்கறிந்த ஆலைக்காரரும் வியாபாரியுமே. விதைப்பருத்தி கொண்டுவரும் விவசாயிக்கு விலை குவிண்டாலில். எட்டு முழ வேட்டியிலும் முழம் பெயராக மட்டும் நிற்கிறது. பில் போடுவது மீட்டரில்.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி ஆர்டர்களில் துணியின் கனம் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கணக்கில் குறிக்கப்படுகிறது. ஆனால் நிட்டிங் மெஷினின் டயாவும் (விட்டம்) கேஜும் (ஊசி நெருக்கம்) இன்றும் அங்குலக் கணக்கிலேயே உள்ளன.