தவத்திலிருந்து காணிக்கைக்கு: தென்னிந்தியக் கத்தோலிக்கரிடையே துன்பத்தை ஒப்புக்கொடுக்கும் வழக்கம்

ஆந்திரத்தின் பலமனேருக்கு வடமேற்கே உள்ள புங்கனூருக்கு, 1700களின் தொடக்கத்தில், பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் காவியுடுத்திய சந்நியாசிகளாக வந்து சேர்ந்தார்கள். புதுச்சேரியிலிருந்து உள்நாட்டுக்கு விரிந்த கர்நாடக மிஷனின் தெலுங்குப் பகுதி இது. புங்கனூரில் லபோந்தேன் அடிகளாரும், தக்கோலத்தில் மதுரை மிஷன் அனுபவம் பெற்ற பூஷே அடிகளாரும் பொறுப்பேற்றனர். புலாலையும் மதுவையும் விலக்கினார்கள். சோறும் கீரையும் பாலுமே உணவு. சந்நியாசி என்று வந்தவர் உடலை ஒறுத்து வாழ்கிறாரா என்பதை வைத்துத்தான் இந்த ஊர்கள் அவரை எடைபோட்டன. அந்த ஒறுத்தல் குருக்கள் தாமே தேர்ந்துகொண்டது. இன்று பலமனேர்ப் பக்கத்திலோ திருச்சியிலோ ஒரு கத்தோலிக்கத் தாய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மகளிடம் “ஆண்டவருக்கு ஒப்புக்கொடும்மா” என்கிறாள். அவள் சொல்வது வேறொரு துன்பத்தை: கேளாமல் வந்ததை. தேர்ந்த துன்பத்தின் இடத்துக்குத் தேராத துன்பம் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோட்பாட்டு வேர் பழையது. கிறிஸ்துவின் பாடுகளில் குறையாயிருப்பதைத் தம் உடலில் நிறைவு செய்வதாகப் பவுல் கொலோசெயருக்கு எழுதினார். திரெந்து பொதுச்சங்கம் 1551இல் இன்னும் தெளிவாகப் பேசியது: ஒருவர் தாமே மேற்கொள்ளும் தவம் மட்டுமல்ல, வாழ்வில் வந்து சேரும் துன்பங்களைப் பொறுமையோடு தாங்குவதும் பாவத்துக்குப் பரிகாரமாகும். இந்த இரண்டாம் பாதிதான் பின்னாளில் எளியவர்களின் கைக்கு வந்தது. நோன்பிருக்க உடலில் வலுவில்லாதவரும் விழித்திருந்து செபிக்க ஓய்வில்லாதவரும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று தங்களிடமும் இருப்பதாக உணர அது வழி செய்தது.

ஆனால் 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கத்தோலிக்கத்தில் முன்னே நின்றது ஒப்புக்கொடுத்தல் அன்று, உடனழுதல். கோவாவில் பிறந்து இலங்கையில் உழைத்து 1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் எழுதிய வியாகுல பிரசங்கம் இதற்குத் தலைசிறந்த சான்று. ஆண்டவரின் பாடுகள் மேல் ஒன்பது பிரசங்கங்கள். தவக்கால இரவில் ஒருவர் ஒப்பாரியை ஒட்டிய இராகத்தில் இழுத்து வாசிப்பார். கேட்கும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் கணவனை இழந்தவளும் மாதாவின் துயரத்துக்குள் தங்கள் துயரத்தையும் சேர்த்து அழுதார்கள். “இதை ஏற்றுக்கொள்ளும்” என்ற வாக்கியம் அங்கே முதன்மையானதாக இல்லை. ஆனாலும், மனிதத் துயரம் கடவுளின் துயரத்துக்கு அந்நியமானதல்ல என்ற உணர்வு இப்படித்தான் ஊறியது. பின்னால் வந்த காணிக்கைச் செபங்கள் வேரூன்றியது இந்த நிலத்தில் என்பது என் துணிபு.

அதே காலத்தில் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையின் வாழ்வு நடந்து முடிந்தது. கால்நடைகள் மடிந்து மனமுடைந்திருந்த அவருக்கு, திருவிதாங்கூர்ப் படையிலிருந்த டச்சுக்காரர் டிலனாய், கேளாமல் வந்த துன்பத்தைத் தாங்கிய யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவர், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றதையும் புண்ணில் மிளகாய் தேய்த்ததையும் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

உடனழுதலிலிருந்து ஒப்புக்கொடுத்தலுக்கான பெரிய திருப்பம் பிரான்சில் நிகழ்ந்தது. அதிலும் நம் நாட்டின் பங்கு உண்டு. 1773இல் ஒடுக்கப்பட்டு, 1814இல் மீண்டும் அமைக்கப்பட்ட இயேசு சபை, 1830களின் இறுதியில் மதுரை மிஷனுக்குத் திரும்பியது. வந்த குருக்களில் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இளம் வயதிலேயே பலியாயினர். அச்செய்திகளைக் கேட்ட, பிரான்சின் வால்ஸ் ஊரில் பயின்ற இயேசு சபை மாணவர்களுக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை. உடனே மிஷனுக்குப் புறப்பட வேண்டும் என்ற தவிப்பு. 1844 டிசம்பர் 3, சவேரியார் திருநாளன்று, அவர்களின் ஆன்ம வழிகாட்டியான கொத்ரலே அடிகளார் அவர்களுக்கு ஒரு வழி காட்டினார்: நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை, இன்றைய செபம், படிப்பு, அலுப்பு, துன்பம் எல்லாவற்றையும் காலையிலேயே கடவுளுக்குக் காணிக்கையாக்குங்கள், அதுவும் மறைப்பணிதான். இப்படிப் பிறந்ததே செப அப்போஸ்தலர் சபை. ராமியேர் அடிகளார் அதைத் திரு இருதய பக்தியோடு இணைத்து உலகெங்கும் பரப்பினார். நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரி தொடங்கியதும் அதே 1844தான். ஒருவரைத் தமிழகத்தில் பணிக்கு அனுப்பிய அதே ஆர்வம், வால்ஸில் இன்னொருவரைப் படிப்பு மேசையருகே பொறுமையாக உட்கார வைத்தது.

மதுரை நோக்கிய ஏக்கத்தில் பிறந்த வழக்கம் செபப் புத்தகங்கள் வழியே தமிழ் வீடுகளுக்கே வந்து சேர்ந்தது. இன்றைய செபங்களையும் செயல்களையும் துன்பங்களையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் காலைச் செபம் குடும்ப வழக்கமாயிற்று. முன்பு சந்நியாசியின் மேனியில் தேடிய தியாகம், மூட்டுவலியோடு அடுப்பு மூட்டும் பாட்டியிடமும் காணக்கிடைத்தது.

கேரளத்தின் பரணங்கானத்தில் இறந்த அல்போன்சா (1910–1946) இரண்டு காலங்களையும் தன் உடலில் தாங்கினார். திருமணத்தைத் தவிர்க்க இளம்பெண்ணாக உமித்தீயில் காலை வைத்தது தானே தேர்ந்த வலி. துறவு மடத்தில் ஆண்டுக்கணக்கில் பட்ட நோய் தேராதது. 2008இல் அவரைப் புனிதராக்கியபோது மக்கள் நினைவில் நின்றது இரண்டாவதுதான்.

இந்த வழக்கத்துக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. பிறர் இழைக்கும் அநீதியையும் “ஒப்புக்கொடு” என்று சொல்லி வாயடைத்துவிடலாம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகப் பிரித்து நிறுத்தும் தடுப்பு இருந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் அதை அகற்றினார். வெள்ளாளத் தரப்பினர் நீதிமன்றம் போயும் அது திரும்பி வரவில்லை. தடுப்புக்கு அப்பால் நின்றவர்களின் அவமானம் பலிபீடத்தில் வைக்க வேண்டிய காணிக்கை அல்ல, இடிக்க வேண்டிய சுவர். 1984 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பம் பற்றி எழுதிய திருத்தூது மடலில், துன்பத்தின் மீட்புப் பொருளைச் சொன்ன பிறகு, நல்ல சமாரியனிடம் வந்து நிற்கிறார்: துன்புறுபவரிடம் அதைக் கடவுளுக்குக் கொடுக்கச் சொல்லும் திருச்சபை, வழியில் காயப்பட்டுக் கிடப்பவரைத் தூக்கி விடுதிக்குக் கொண்டு சேர்க்கவும் கடமைப்பட்டது.